மார்ஜரி சொன்னதும் இளவேனில் சொன்னதும்

மூன்றாம் மாடி இளவேனிலுக்குப் பொறாமை என்று அவள் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். எனக்கு என்ன குறைச்சல் என்று கேட்டிருப்பாள். அதற்குப் பதில் சொல்வதும் கஷ்டம்தான். மஸ்கட்டில் ரூவி ஹை ஸ்ட்ரீட்டுக்குப் பின்புறம், கீழே தையற்கடை இருக்கும் கட்டடத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். கணவர் அனந்தகிருஷ்ணன் கார் உதிரிபாகக் கம்பெனியில் சீஃப் அக்கவுண்டன்ட். பத்து வயது மூத்தவர், அதிர்ந்து பேசமாட்டார். கம்பெனியே கார் கொடுத்திருந்தது. மகன் ரிஷி ஏழாம் வகுப்பில் முதல் மூன்று ரேங்குக்குள் வருகிறவன். அவளே பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். இத்தனை இருந்தும், 2006 மே மாதத்தில் ஒரு நாள் இரண்டாம் மாடித் தாமரை ஒரு வெள்ளை உறையைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடிவந்ததிலிருந்து இளவேனிலுக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா, வந்திருச்சுங்க்கா. படிச்சுச் சொல்லுங்க. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டனோ என்னமோ."

தாமரை கோபிசெட்டிபாளையத்துக்காரி. பி.காம்., தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் இளவேனில் படித்துச் சொன்ன பிறகுதான் அது அவளுக்கு வந்துசேர்ந்ததாக அர்த்தம். இளவேனில் படித்தாள். தாமரை, கணவர் உமாபதி, மகள் ராதிகா மூவரின் பாஸ்போர்ட்டுகளையும் ஜூன் முப்பதுக்குள் தூதரகத்துக்கு அனுப்பவேண்டும். கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விசா ஒட்டித் தருவார்கள். மூன்றே வரி. எங்காவது ஒரு 'ஆனால்' இருக்காதா என்று அந்த மூன்று வரியையும் அவள் இரண்டு முறை படித்தாள்.

"சரியாத்தான்ட்டி இருக்கு. ஜூன் முப்பதுக்குள்ள பாஸ்போர்ட்டை அனுப்பணும்."

தாமரை அவளைக் கட்டிக்கொண்டாள். இளவேனிலும் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

இந்த எரிச்சலுக்குக் காரணம் உண்டு. அதையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு அநியாயம். இந்தக் கட்டடத்தில் முதன்முதலில் கனடாவுக்கு ஆசைப்பட்டவள் அவள். நான்கு வருடம் முன்பு. படிப்புக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை என்று கனடாக்காரர்கள் மதிப்பெண் போடுவார்கள். தேர்ச்சிக்கு எழுபத்தைந்து. அனந்தகிருஷ்ணனுக்கு எழுபத்தொன்றுதான் வந்தது. நாலு மார்க்கில் போச்சே என்று இரண்டு நாள் அழுதாள். அடுத்த வருடமே தேர்ச்சியை அறுபத்தேழாகக் குறைத்துவிட்டார்கள். உடனே விண்ணப்பத்தை நிரப்பி, அவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தாள். அந்த வாரம் பார்த்துத்தானா கம்பெனி அவருக்குச் சீஃப் பதவியும் காரும் கொடுக்கவேண்டும்? இப்பதானே கார் குடுத்திருக்கான், ஒரு வருஷம் போகட்டும் என்றார். ஒரு வருடம் போனது. அப்புறம் இன்னொன்றும் போனது. விண்ணப்பம் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

உமாபதிக்கு வந்தது அறுபத்தெட்டு. அவர் தொலைவில், சூர் என்ற ஊரில் ஒரு கேஸ் பிளான்ட்டில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர்; புதன் இரவு வீட்டுக்கு வந்து வெள்ளி மாலை திரும்புகிறவர். அவருடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இளவேனில்தான். தங்கள் விண்ணப்பத்தை நிரப்பிய அதே பேனாவால். எழுபத்தொன்று பீரோவில் புழுங்கிக்கொண்டிருக்க, அறுபத்தெட்டு விமானம் ஏறப்போகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஜனவரியில் மெடிக்கல் முடிந்தபோதே தாமரைக்குக் கேள்விகள் முளைக்கத் தொடங்கிவிட்டன. அவர்கள் போகவிருந்தது ரெஜினா என்ற ஊருக்கு. அங்கே உமாபதியோடு படித்த ஒரு நண்பர் இருந்தார். கல்யாணமாகாதவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய ஃபேக்டரியும் அவருடைய ரூமும்தான். தாமரை வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இளவேனில் வீட்டில் ரிஷிக்காக வாங்கியது இருந்தது. யார் என்ன கேட்டாலும் கனடாக்காரர்களே பதில் எழுதும் ஒரு பக்கத்தை இளவேனில் இன்டர்நெட்டில் தேடிப் பிடித்தாள். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அங்கே வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா, பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போனால் என்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும், ஓட்டுப் போட எத்தனை வருடம் ஆகும், இப்படி.

மஸ்கட்டில் கம்பெனிகள் மதியம் ஒன்றுக்கு மூடி நாலுக்குத் திறக்கும். வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஆண்கள் மறுபடி வேலைக்குப் போனதும் கட்டடம் பெண்கள் கைக்கு வரும். நாலரைக்குத் தாமரை பள்ளி விட்டு வந்த ராதிகாவையும் கூட்டிக்கொண்டு மேலே வருவாள். டீயைக் குடித்துக்கொண்டே கேள்வி சொல்வாள், இளவேனில் ஆங்கிலத்தில் தட்டுவாள். ரெஜினாவில் அப்போது காலை ஆறரை மணி. அந்த நேரத்தில் அங்கே விழித்திருந்து பதில் எழுதியவள் மார்ஜரி. ஐம்பத்தெட்டு வயதுக்காரி. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். பஸ்ஸை எடுக்கும் முன் காப்பியோடு உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்வது அவள் வழக்கம்.

முதல் நாள் எழுதும்போதே இளவேனில் 'நாங்கள்' என்று தொடங்கிவிட்டாள். என் கீழ்வீட்டுக்காரி, அவள் கணவர் என்று விளக்கிக்கொண்டிருக்கச் சோம்பல், அவ்வளவுதான். 'நாங்கள் இந்த வருடம் ரெஜினாவுக்கு வருகிறோம்.' தட்டி முடித்து அந்த வரியைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாளும் நாங்கள் என்றே எழுதினாள். அப்புறம் மாற்ற மனம் வரவில்லை. உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மார்ஜரி கேட்டாள். குளிர் போனதும் வரும் பருவம் என்று இவள் சொன்னாள். 'அப்படியானால் இந்த வருடம் பனிக்கட்டியிடம் சொல்லிவைக்கிறேன், இளவேனில் வருகிறாள், நீ கிளம்பு என்று' என எழுதினாள் மார்ஜரி. அந்த வரியை இளவேனில் தனியாக இருக்கும்போது எத்தனை தடவை எடுத்துப் படித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆக, மார்ஜரியின் கனடாவுக்கு வரப்போகிறவள் இளவேனில். தாமரைக்கு இது தெரியாது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் இளவேனில் திருப்பிச் சொன்னதுதான்.

இளவேனில் பொய் சொல்லவில்லை. பொறுக்கிச் சொன்னாள். சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த வீட்டுக்குப் போகலாமா என்று தாமரை கேட்டாள். சாதாரண நாளில் ஃபோன் செய்துவிட்டுப் போவதுதான் வழக்கம், ஆனால் பனிப்புயல் அன்று யார் கதவைத் தட்டினாலும் திறப்போம், ஒருமுறை முன்பின் தெரியாத ஒன்பது பேர் என் ஹாலில் படுத்திருந்தார்கள் என்று மார்ஜரி எழுதியிருந்தாள். "ஃபோன் பண்ணாம யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாதாம்," என்றாள் இளவேனில். தாளித்தால் புகைக்கு அலாரம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து துண்டால் விசிறினால் நின்றுவிடும், எங்கள் வீட்டில் பேக்கன் இறைச்சி வறுத்தாலும் அடிக்கும் என்று வந்தது. "கடுகு தாளிச்சா அலாரம் அடிக்குமாம்," என்று அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காகக் காக்கவைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் புலம்புவதைச் சொன்னாள். அங்கே டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது என்பதை விட்டுவிட்டாள். குளிரில் கார் உறையாமலிருக்க ராத்திரி முழுக்க அதற்குக் கரன்ட் ப்ளக் போட்டு வைக்கவேண்டும் என்பதை மட்டும் ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னாள்.

வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவோம், யாராயிருந்தாலும் சரி என்று மார்ஜரி ஒருநாள் எழுதியிருந்தாள். இதைக் கேட்டால் தாமரைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அதனாலேயே இளவேனில் சொல்லவில்லை.

கடிதம் வந்த மறுவாரம் தாமரை டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ராதிகா தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் கருவி வைத்தால் பாதி கேட்கும். வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள். முதல் பெஞ்சில் உட்காரவைத்தும், மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் அவளுக்கு ஒன்றும் புரிவதில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கோணும். புள்ளையோட காது பத்தி. அங்க ஸ்கூல்ல இவளச் சேத்துக்குவாங்களா? எப்படி வெச்சுப் படிக்கவெப்பாங்க? மறைக்காமக் கேட்டுருங்க. மத்ததெல்லாம் எப்படியோ சமாளிச்சுக்கலாம், இது ஒண்ணுதான் எனக்கு."

இளவேனில் தட்டினாள். 'என் மகளுக்கு' என்றுதான் தட்டினாள். அவளுக்கு மகள் கிடையாது. ரிஷிக்குப் பிறகு ஒன்று நாலு மாதத்தில் கலைந்துபோனது, அதோடு சரி. கை அந்த வார்த்தையில் ஒரு கணம் நின்று பிறகு ஓடியது.

பதில் வர இருபது நிமிடம் ஆனது. நீளமாக வந்தது. 'என் பஸ்ஸிலேயே அப்படி இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாரும் படிக்கும் அதே பள்ளி, அதே வகுப்பு. டீச்சர் கழுத்தில் ஒரு சின்ன மைக் மாட்டிக்கொள்வார். அவர் எந்தப் பக்கம் திரும்பிப் பேசினாலும் பிள்ளையின் கருவிக்குள் கேட்கும். பணம் எதுவும் கட்டவேண்டாம். வாரம் ஒருமுறை இதற்கென்றே படித்த டீச்சர் வந்து பார்ப்பார். உங்கள் தெரு என் வழியில் வருமானால், எனக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டை அவளுக்கு வைத்துவிடுகிறேன். என் கண்ணாடியில் அவளுக்கு என் முகம் தெரியும். நான் பேசுவது அவளுக்குப் புரியும். பெயர் என்ன? எந்தக் காது?'

இளவேனில் படித்தாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இவளுக்குச் சீட்டுக்கூடப் பிடித்து வைத்துவிட்டார்கள். காது கேட்காத பிள்ளைக்குக்கூட அங்கே ஆள் காத்திருக்கிறது. இத்தனை நன்றாகப் படிக்கிற என் மகனுக்கு, இத்தனை ஆங்கிலம் படித்த எனக்கு, எழுபத்தொன்று வாங்கிய எங்களுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. எல்லாம் இவளுக்குத்தானா? மார்ஜரியும் இவளுக்குத்தானா?

"என்னங்க்கா சொல்றாங்க?" என்றாள் தாமரை.

"கொஞ்சம் கஷ்டம்தான் போலிருக்கு தாமர." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "இப்படிப் பிள்ளைகளுக்குத் தனி ஸ்கூலாம். வேற ஊர்ல இருக்காம். ஹாஸ்டல்ல விட்டுத்தான் படிக்கவைக்கணும்னு சொல்லுதாங்க. வீட்டுல வச்சுக்கிட விடமாட்டாங்களாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. திருத்திவிடலாம், தப்பாப் படிச்சிட்டேன்ட்டி என்று சிரித்துவிடலாம். அதற்குள் தாமரை குனிந்து, ஒன்றும் தெரியாமல் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மகளின் முதுகில் கையை வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "சரிங்க்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று இரவு இளவேனில் வயிறு நிறையச் சாப்பிட்டாள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு தாமரை கேள்வி கேட்க வரவில்லை. இளவேனில் மட்டும் நாலரைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மார்ஜரி விடவில்லை. பெயரைக் கேட்டாள், ராதிகா என்று எழுதினாள். காதைக் கேட்டாள், இடது காதில் கருவி என்று எழுதினாள். தலையின் சுற்றளவு கேட்டாள். ரிஷியின் பழைய தொப்பியை அளந்து, உத்தேசமாக ஓர் அங்குலம் குறைத்து எழுதினாள். தபால் முகவரி கேட்டபோதுதான் தட்டுவதை நிறுத்தினாள். மறுத்தால் ஏன் என்று கேட்பாள். அன்றோடு மகளைக் கூட்டிக்கொண்டு ரெஜினாவுக்கு வரும் அந்த இளவேனில் செத்துப்போவாள். கணவரின் கம்பெனித் தபால் பெட்டி எண்ணைக் கொடுத்தாள்.

ஜூன் இருபத்தாறு, திங்கட்கிழமை. வெளியே வெயில் நாற்பத்தைந்து டிகிரி. மதியச் சாப்பாட்டுக்கு வந்த அனந்தகிருஷ்ணன் ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"கனடாவுல உனக்கு யாரு இருக்கா? உன் பேருக்கு வந்திருக்கு."

பிரித்தாள். சிவப்புக் கம்பளியில் கையால் பின்னிய குல்லாய். இடது காது வரும் இடத்தில் மட்டும் கம்பளி வெளியே புடைத்துச் சின்னப் பை மாதிரி இருந்தது. ஓர் அட்டையும் இருந்தது. அவர் எடுத்துப் படித்தார். 'ராதிகாவுக்கு. அக்டோபரிலேயே குளிர் வந்துவிடும். கருவி அழுந்தாமல் இருக்க இடம் விட்டுப் பின்னியிருக்கிறேன். முதல் சீட் உன்னுடையது. மார்ஜரி.'

"கீழ்வீட்டு ராதிகாவுக்கா?" என்றார். "அந்தப் பிள்ளைதான் போகலியே. வெள்ளிக்கிழமை உமாபதி கோயில்ல வச்சு என்கிட்ட சொன்னாரு. பிள்ளையை ஹாஸ்டல்ல விடணுமாம், வரமாட்டேன்னு தாமரை ஒத்தைக்கால்ல நிக்கிறாளாம். அந்த ரெஜினா ஃப்ரெண்டைக் கேட்டா, எனக்குத் தெரியாது, இருந்தாலும் இருக்கும்ங்கறானாம். வியாழக்கிழமைக்கு அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. தன்னோட பாஸ்போர்ட்டை மட்டும் நாளைக்குக் கூரியர்ல அனுப்பச் சொல்லியிருக்காராம். சொல்லிட்டு அழுதுட்டாரு மனுஷன்."

"நான்தான் அப்படிச் சொன்னேன்," என்றாள் இளவேனில்.

"எதை?"

"ஹாஸ்டல்னு. அந்தம்மா அப்படிச் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஏன்?"

"நமக்கு எழுபத்தொண்ணு வந்துச்சு," என்றாள். "அவங்களுக்கு அறுபத்தெட்டு."

அனந்தகிருஷ்ணன் தட்டைத் தள்ளிவைத்தார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்தார். ஏசி ஓடியது. அவர் தூங்கவில்லை என்பது புரண்டு புரண்டு படுப்பதிலேயே தெரிந்தது. நாலு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கீழ போய்ச் சொல்லிரு. நான் சாயந்தரம் வந்து தாமரை முகத்தைப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் மாடியில் ஹால் முழுக்கப் பெட்டிகள். ஊருக்குப் போகும் பெட்டிகள். தாமரை மெலிந்திருந்தாள். வாங்க்கா என்று சொல்லி ஒரு நாற்காலிமேல் கிடந்த துணிகளை ஒதுக்கினாள். இளவேனில் உட்காரவில்லை. குல்லாயையும் அட்டையையும் நீட்டினாள். ராதிகா ஓடிவந்து குல்லாயை வாங்கி, ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, சரியான பக்கமாகத் தலையில் மாட்டிக்கொண்டாள். கருவி அந்தச் சின்னப் பைக்குள் போய் உட்கார்ந்தது.

"இது என்னங்க்கா?"

இளவேனில் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ஹாஸ்டல் இல்லை. தனிப் பள்ளி இல்லை. கழுத்து மைக், வாரம் ஒருமுறை வரும் டீச்சர், முதல் சீட், கண்ணாடி.

தாமரைக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க. அந்தம்மா என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொன்னீங்க. தனித்தனியாச் சொல்லுங்க."

இளவேனில் தனித்தனியாகச் சொன்னாள். சொல்லத் தொடங்கியதும் மற்றதெல்லாமும் வந்துவிட்டது. பனிப்புயலில் ஹாலில் படுத்த ஒன்பது பேர், துண்டால் விசிறினால் நிற்கும் அலாரம், ஃபீஸ் வாங்காத டாக்டர். "வீட்டுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுத்தான் போவாங்களாம், தாமர. நம்மள மாதிரியே. அதைக்கூட நான் உன்கிட்ட சொல்லல."

"ஏனுங்க்கா?"

"பொறாமைதான்ட்டி. வேற என்ன சொல்ல."

தாமரை கத்தியிருக்கலாம். கத்தவில்லை. "ஒரு மாசம்ங்க்கா," என்றாள். "புள்ளைய எங்கயோ உட்டுப்போட்டு நான் மட்டும் ஒரு ரூம்ல படுத்திருக்கற மாதிரி ஒரு மாசமாக் கனாக் கண்டேன். அவருகூட சண்டை. ஒரு நாளும் கை நீட்டாத மனுசன், சாப்பாட்டுத் தட்டத் தூக்கி வீசினாரு. நான் உங்கள நம்பினேன், அவர நம்பல." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க மேல. அந்தம்மாவுக்கு எழுதுங்க. இவ அம்மா நான்னு எழுதுங்க."

மேலே வந்து கம்ப்யூட்டரைப் போட்டார்கள். தாமரை உட்காரவில்லை, இளவேனிலின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். டீ போடவா என்றதற்கு வேண்டாம் என்றாள். இளவேனில் தட்டிய ஒவ்வொரு வார்த்தையையும் திரையில் விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள். புரியாத இடத்தில் நிறுத்தி, இதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். இளவேனில் சொன்ன அர்த்தம் சரிதானா என்று ரிஷியின் அகராதியை எடுத்துப் பார்த்தாள். ஓர் எம்.ஏ.காரிக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை.

'குல்லாய் வந்தது. நான் ராதிகாவின் அம்மா இல்லை. அவள் அம்மா தாமரை, எங்கள் கீழ்வீட்டில் இருக்கிறாள். அவர்கள்தான் ரெஜினாவுக்கு வருகிறார்கள். நான் வரவில்லை. உங்களிடம் பொய் சொன்னேன். உங்கள் பதில்களை அவளிடம் மாற்றிச் சொன்னேன்.'

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருக்கும் என்று இளவேனில் நினைத்தாள். பிறகு வந்தது. தாமரைக்கு இரண்டு வரி: 'வாருங்கள். சீட் அப்படியேதான் இருக்கிறது.' கீழே இடம் விட்டு இன்னும் இரண்டு வரி. அவற்றைத் தாமரைதான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"உங்களத்தான் கேக்கறாங்க. இத்தன மாசமா நான் பேசிட்டிருந்தது யாருகூட, உங்ககூடத்தானே, இளவேனில், நீங்க எப்ப வர்றீங்கன்னு."

சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். அவளுக்கு வேலை இருந்தது. டிக்கெட்டை ரத்து செய்யவேண்டும், மூன்று பாஸ்போர்ட்டுகளையும் ஒன்றாக உறையில் போடவேண்டும். கொஞ்ச நேரத்தில் அவள் சூருக்கு ஃபோன் போட்டு உமாபதியிடம் பேசுவது படிக்கட்டு வழியாக மேலே கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்லமுடியவில்லை.

நீங்கள் எப்போது வருகிறீர்கள்? இத்தனை வருடத்தில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. இளவேனில் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து விண்ணப்பத்தை உருவினாள். கையெழுத்து இடத்தில் அவள் வைத்த பென்சில் புள்ளி அப்படியே இருந்தது. மதிப்பெண் பக்கத்தைத் திருப்பினாள். படிப்பு, ஆங்கிலம், அனுபவம் எதுவும் மாறவில்லை. வயதுக்கு எதிரே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அன்றைக்குத் தேவைப்படாததால் கண்ணில் தங்காமல் போன குறிப்பு. நாற்பத்தொன்பதைத் தாண்டினால் ஒவ்வொரு வயதுக்கும் இரண்டு குறையும். அனந்தகிருஷ்ணனுக்கு ஏப்ரலில் ஐம்பத்திரண்டு முடிந்தது. விரலை மடக்கிப் பார்த்தாள். அறுபத்தொன்பது, அறுபத்தேழு, அறுபத்தைந்து.

தாமரை உறையோடு ஓடிவந்த அன்றே அது அறுபத்தைந்துதான், தேர்ச்சிக்கு இரண்டு குறைவு. இல்லாத எழுபத்தொன்றை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் ஒரு பிள்ளையின் வழியை மறித்து நின்றிருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது. அழுதாள். பொறாமை அதோடு போய்விட்டதா என்றால் போகவில்லை. கீழே ஃபோனில் கேட்ட அந்தக் குரலின்மேல் இப்போதும் அவளுக்கு வயிறு எரிந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ரெஜினாவில் மணி ஏழாகப்போகிறது, மார்ஜரி சாவியை எடுத்திருப்பாள். சீக்கிரம் தட்டவேண்டும்.

'நாங்கள் வரவில்லை, மார்ஜரி. என் கணவருக்கு வயது தாண்டிவிட்டது. ராதிகாவைப் பற்றி நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், தோளைத் தொடுங்கள். வெயில் எதிரே அடித்தால் உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது. புரியாவிட்டாலும் புரிந்த மாதிரி தலையாட்டுவாள், நம்பாதீர்கள், இன்னொரு முறை சொல்லுங்கள். சிவப்பு அவளுக்குப் பிடித்த நிறம். குல்லாய் சரியாக இருக்கிறது. இந்த வெயிலிலும் கழற்றாமல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.'

ஒருமுறை படித்துப் பார்த்தாள். எதையும் விடவில்லை. அனுப்பினாள்.